பி.ஏ. தத்துவம் முடிக்க என்னென்ன வேண்டும்? பாம்பனிலிருந்து வந்த கேள்விக்கு விரிவான பதில்

கேள்வி இதுதான்: தங்கை ப்ளஸ் டூ வணிகவியல் பிரிவில் தேறிவிட்டாள். தத்துவம்தான் படிப்பேன் என்று நிற்கிறாள். வீடு பாம்பனில், அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். அந்தப் பட்டம் கையில் வர மொத்தம் என்னென்ன முடிக்க வேண்டும்? ஊரில் இருந்தபடியே முடிக்க வழி உண்டா?

தம்பி, தத்துவம் கஷ்டமான பாடம், பாதியில் விட்டுவிடுவாள் என்று வீட்டில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். காண்ட்டையும் சங்கரரையும் படிக்க முடியாமல் பட்டத்தை விட்டவர்கள் குறைவு. சுற்றுச்சூழல் தாளில் ஒரு அரியர், கையெழுத்து வாங்காமல் விட்ட என்.எஸ்.எஸ். சான்று, நாற்பது தாண்டியும் தேறாத ஒரு பகுதி ஒன்று தமிழ், வருகை குறைந்ததற்குக் கட்ட மறந்த கண்டொனேஷன் பணம், இவற்றில் சிக்கி நிற்பவர்கள்தான் அதிகம். அதனால் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். சாக்ரடீஸ் காத்திருப்பார்.

சேர்வதற்கு எந்தப் பிரிவில் ப்ளஸ் டூ படித்திருந்தாலும் போதும். வணிகவியல், கலை, அறிவியல், தொழிற்கல்வி எதுவும் தடை இல்லை. தத்துவம் பள்ளியில் பாடமாக இல்லாததால் வகுப்பில் எல்லாரும் முதல் நாள் ஒரே இடத்திலிருந்துதான் தொடங்குவார்கள். அரசுக் கல்லூரி என்றால் மே மாதத்தில் திறக்கும் ஒரே இணையதள விண்ணப்பம் வழியாகத்தான் போக வேண்டும். தரவரிசை, மொழிப்பாடங்கள் இரண்டையும் விட்டு மீதி நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணை வைத்துப் போடப்படும். தமிழில் 95 வாங்கியிருக்கிறாள் என்று பெருமைப்படலாம், தத்துவ இடத்துக்கு அது கூட்டலில் வராது.

இனி பட்டத்தின் கணக்கு. தமிழ்நாட்டு மாநிலப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் பின்பற்றும் மாதிரிப் பாடத்திட்டத்தில் மூன்று ஆண்டு, ஆறு செமஸ்டர், மொத்தம் 140 கிரெடிட் (ஒவ்வொரு தாளுக்கும் உள்ள எடைப் புள்ளி). தன்னாட்சிக் கல்லூரிகள் ஒன்றிரண்டு கூட்டிக் குறைத்து வைத்திருக்கும், அமைப்பு இதுதான். பகுதி ஒன்று தமிழ், முதல் நான்கு செமஸ்டரில் தாளுக்கு 3 வீதம் 12. பகுதி இரண்டு ஆங்கிலம், அதே போல 12. பகுதி மூன்றுதான் தத்துவம், 92. பகுதி நான்கில் திறன் தாள்கள், அடிப்படைத் தாள், சுற்றுச்சூழல், விழுமியக் கல்வி, கோடை விடுமுறைப் பயிற்சி எல்லாம் சேர்ந்து 23. பகுதி ஐந்து, விரிவாக்கப் பணி, 1. கூட்டிப் பாருங்கள், 140 வரும்.

இந்த 92 எப்படிப் பிரிகிறது என்று தெரிந்துகொண்டால் எந்த செமஸ்டர் கனம் என்பது புரியும். முதல் நான்கு செமஸ்டரில் ஒவ்வொன்றிலும் 5 கிரெடிட் கோர் தாள் (முதன்மைத் தாள்) இரண்டு, 3 கிரெடிட் எலெக்டிவ் (விருப்பத் தாள்) ஒன்று, ஆக 13. ஐந்தாவது செமஸ்டரில் 4 கிரெடிட் வீதம் நான்கு, எலெக்டிவ் இரண்டு, ஆக 22. ஆறாவதில் கோர் மூன்று, எலெக்டிவ் இரண்டு, 18. மொழித்தாள்கள் நான்காவது செமஸ்டரோடு முடிந்துவிடுவதால் மூன்றாம் ஆண்டு லேசாக இருக்கும் என்று நினைப்பார்கள். ஐந்தாவது செமஸ்டர்தான் ஆறிலும் கனமானது. மொத்தம் 26 கிரெடிட், அதற்குள் ஆய்வுத் திட்டமும் இருக்கிறது. இரண்டாம் ஆண்டின் அரியரைச் சுமந்துகொண்டு அதற்குள் நுழையக் கூடாது.

எந்த வகுப்பு என்று கணக்கிடும்போது பகுதி ஒன்று, இரண்டு, மூன்றின் மதிப்பெண்களைத்தான் எடுப்பார்கள். பகுதி நான்கும் ஐந்தும் வகுப்பைக் கூட்டவும் செய்யாது, குறைக்கவும் செய்யாது. ஆனால் அவற்றில் ஒன்று பாக்கி இருந்தால் பட்டமே கிடையாது. கணக்கில் வராதது என்று மாணவர்கள் அதை ஒதுக்குவது இதனால்தான், ஒதுக்கியவர்கள் மாட்டுவதும் இதனால்தான். நான்காம் செமஸ்டரில் 2 கிரெடிட் சுற்றுச்சூழல் தாளுக்கு முந்தின இரவு புத்தகத்தைத் திறந்து, 28 எடுத்து, தத்துவத்தில் 70 சதவீதம் வைத்துக்கொண்டு பட்டமளிப்புக்கு வெளியே நிற்கும் நிலை வேண்டாம். பகுதி ஐந்து இன்னும் சுலபம், இன்னும் ஆபத்து. என்.எஸ்.எஸ்., என்.சி.சி., இளையோர் செஞ்சிலுவை, விளையாட்டு என்று ஏதாவது ஒன்றில் முதல் ஆண்டே பெயர் கொடுத்து, முகாம் போன தேதியும் பொறுப்பாசிரியர் கையெழுத்தும் உள்ள தாளைப் பத்திரமாக வைக்க வேண்டும். மூன்றாம் ஆண்டில் அந்த ஆசிரியர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருப்பார்.

தேர்ச்சி விதிக்கு வருவோம். ஒரு தாளுக்கு 100 மதிப்பெண்: கல்லூரியே போடும் இன்டர்னல் 25, செமஸ்டர் தேர்வான எக்ஸ்டர்னல் 75. தேற மொத்தத்தில் 40 வேண்டும், அதோடு எக்ஸ்டர்னலில் மட்டும் 40 சதவீதம், அதாவது 75க்கு 30 வேண்டும். தங்கை இன்டர்னலில் 24 வாங்கி, செமஸ்டர் தேர்வில் 27 எடுத்தால் மொத்தம் 51. தேர்ச்சி இல்லை. பக்கத்து மாணவி இன்டர்னலில் 11, தேர்வில் 30, மொத்தம் 41. தேர்ச்சி. இதை வீட்டில் விளக்கிச் சொல்வதற்குள் தலை சுற்றும், ஆனால் விதி அதுதான். இன்டர்னல் நன்றாக இருக்கிறதே என்று தேர்வைத் தளர்த்தக் கூடாது.

வகுப்புக் கணக்கில் கிரெடிட்டின் எடை சேரும். 5 கிரெடிட் கோர் தாளில் 70, 3 கிரெடிட் எலெக்டிவில் 50 என்றால் சராசரி 60 அல்ல. 5ஐ 70ஆல் பெருக்கினால் 350, 3ஐ 50ஆல் பெருக்கினால் 150, கூட்டி 8ஆல் வகுத்தால் 62.5. முதல் வகுப்புக்கு 60 தேவைப்படும் இடத்தில் எந்தத் தாளுக்கு நேரம் கொடுப்பது என்பதை இந்தக் கணக்குதான் முடிவு செய்ய வேண்டும். 50 தாண்டினால் இரண்டாம் வகுப்பு, 40 தாண்டினால் மூன்றாம் வகுப்பு. டிஸ்டிங்ஷனுக்கு 75ம் வேண்டும், எல்லாத் தாளும் முதல் முயற்சியிலேயே தேறியிருக்கவும் வேண்டும்.

வருகைப்பதிவு அடுத்து. ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வைத்தால் 75 சதவீதத்துக்கு 68 நாள் உள்ளே இருக்க வேண்டும். கையில் மிஞ்சுவது 22 நாள். ஜூலையில் தங்கச்சிமடம் சந்தியாகப்பர் திருவிழாவுக்கு ஒரு வாரம், தீபாவளியை ஒட்டி நாலு நாள், வீட்டில் ஒரு கல்யாணம், ரயிலில் வந்து போகும் நாட்கள், நடுவில் ஒரு காய்ச்சல். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. 65க்கும் 75க்கும் இடையில் விழுந்தால் மருத்துவச் சான்றும் கண்டொனேஷன் கட்டணமும் கொடுத்து எழுதலாம். 50க்கும் 65க்கும் இடையில் என்றால் அந்த செமஸ்டர் தேர்வை அப்போது எழுத முடியாது, அடுத்த வாய்ப்பில்தான். 50க்குக் கீழே போனால் அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும். பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் சிறு வேறுபாடு இருந்தாலும் படிகள் இவைதாம்.

அரியர் இருந்தாலும் அடுத்த செமஸ்டருக்குப் போகலாம், தடுத்து நிறுத்த மாட்டார்கள். அதுதான் வசதி, அதுவே கண்ணி. பாடத்திட்டம் மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மாறும். பழைய தாளை எழுத அதற்குப் பிறகு சில வாய்ப்புகளே தருவார்கள், அப்புறம் அதற்கு இணையான புதிய தாளைத்தான் எழுத வேண்டும். ஆகவே விழுந்த தாளை அடுத்த வாய்ப்பிலேயே எழுதிவிட வேண்டும். 27, 28 என்று நூலிழையில் நின்றிருந்தால் முதலில் விடைத்தாள் நகலுக்குப் பணம் கட்டி வாங்கிப் பாருங்கள். கூட்டலில் பிழையா, ஒரு பக்கம் திருத்தாமல் விடப்பட்டதா என்று தெரிந்த பிறகு மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். முடிவு வெளியான நாளிலிருந்து பத்து, பதினைந்து நாள்தான் இதற்கு அவகாசம் இருக்கும். கடைசி செமஸ்டரில் ஒரே ஒரு தாள் போனவர்களுக்கு உடனடித் தேர்வு நடத்தும் பல்கலைக்கழகங்களும் உண்டு.

இப்போது பாடம். கோர் தாள்கள் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒரே வரிசையில்தான் வரும்: இந்தியத் தத்துவம், கிரேக்கத் தத்துவம், தருக்கவியல், அறவியல், டெகார்ட் தொடங்கி காண்ட் வரை நவீன மேற்கத்தியத் தத்துவம், அறிவு என்றால் என்ன என்று ஆராயும் அறிவளவையியல், சமயத் தத்துவம், சமூக அரசியல் தத்துவம், சமகால இந்தியச் சிந்தனை. தமிழ்நாட்டில் சைவ சித்தாந்தமும் திருக்குறள் அறவியலும் எலெக்டிவாகவாவது இருக்கும்.

இவற்றில் நம் பிள்ளைகள் பயப்படுவது தருக்கவியலுக்கு. உண்மையில் முழு மதிப்பெண் வாங்கக்கூடிய தாள் அது ஒன்றுதான். கட்டுரைத் தாளில் எவ்வளவு எழுதினாலும் பத்துக்கு ஏழு. தருக்கத்தில் விடை சரியென்றால் பத்துக்குப் பத்து. ஒரு சின்ன மாதிரி:

வாடை அடித்தால் வடகடல் கலங்கும்.
வடகடல் கலங்கியிருக்கிறது.
ஆகவே வாடை அடிக்கிறது.

பாம்பனில் யாரிடம் சொன்னாலும் தலையாட்டுவார்கள். தருக்கத் தாளில் இது செல்லாத வாதம். கடல் கிழக்குக் காற்றான கொண்டலாலும் கலங்கலாம், தூரத்தில் நிற்கும் புயலாலும் கலங்கலாம். விளைவு இருக்கிறது என்பதால் இந்தக் காரணம்தான் என்று சொல்ல முடியாது. பின்னுறுப்பை உறுதிசெய்யும் பிழை என்று இதற்குப் பெயர். உண்மை அட்டவணை போட்டால் நான்கு வரிசை வரும். வாடை இல்லை, கலக்கம் உண்டு என்ற வரிசையில் முதல் இரண்டு வரிகளான முற்கூற்றுகள் உண்மை, முடிவு மட்டும் பொய். அந்த ஒரு வரிசையைச் சுட்டிக்காட்டினால் விடை முடிந்தது. இதையே திருப்பி, "கடல் கலங்கவில்லை, ஆகவே வாடை அடிக்கவில்லை" என்றால் செல்லும். மூன்று குறியீடு வந்தால் வரிசை எட்டு, நான்கு வந்தால் பதினாறு. பிள்ளைகள் மதிப்பெண் இழப்பது புரியாததால் இல்லை, எட்டு வரிசையில் ஆறு மட்டும் எழுதிவிட்டு நேரம் போய்விட்டது என்பதால்தான். மேலிருந்து கீழாகப் போகும் முதல் பத்தியில் பாதிக்குப் பாதி உண்மை, பொய், இரண்டாவதில் இரண்டிரண்டாக, மூன்றாவதில் ஒன்றுவிட்டு ஒன்று. இந்த ஒழுங்கில் போட்டால் வரிசை தப்பாது. வாரம் மூன்று நாள், நாளுக்கு அரை மணி, கையால் போட்டுப் பழக வேண்டும். படித்தால் வராது.

தருக்கம் மேற்கிலிருந்து வந்த சரக்கு என்று யாராவது சொன்னால் மணிமேகலையின் 29ஆம் காதையைக் காட்டுங்கள். பக்கம் (நிறுவ வேண்டியது), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு), உபநயம் (பொருத்திக் காட்டுவது), நிகமனம் (முடிவு) என்ற ஐந்து உறுப்பும் அங்கே தமிழிலேயே இருக்கின்றன. இம்மலை நெருப்புடைத்து, புகையுடைத்து ஆதலால், அடுக்களை போல. இந்தியத் தத்துவத் தாளில் நியாய மதம் வரும்போது இந்த ஐந்தையும் சொந்த உதாரணத்தோடு எழுதுபவளுக்குத் திருத்துபவர் தயங்காமல் மதிப்பெண் போடுவார். இருபத்தேழாம் காதையில் அளவைவாதி தொடங்கிப் பல சமயவாதிகள் வரிசையாகத் தங்கள் கொள்கையைச் சொல்கிறார்கள். முதல் செமஸ்டருக்கு முன் விடுமுறையில் அதை உரையோடு படித்துவிட்டால் பாதிப் பாடத்தின் சொற்கள் பழகிவிடும்.

கட்டுரை விடையில் எங்கே தவறுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். காண்ட்டைப் பற்றிக் கேட்டால் 1724ல் பிறந்தார், 1804ல் இறந்தார், தினமும் குறித்த நேரத்தில் நடப்பார் என்று அரைப் பக்கம் போகும். அதற்கு அரை மதிப்பெண்கூடக் கிடையாது. கேட்டது வாதம். பத்து மதிப்பெண் விடைக்கு முதலில் சிக்கல் என்ன என்று மூன்று வரி, அடுத்து அவர் நிலைப்பாடு, அதற்கு அவர் தரும் காரணம் படிப்படியாக, ஓர் உதாரணம், ஒரு மறுப்பு, மறுப்புக்கு அவர் தரப்பில் என்ன சொல்லலாம். இந்த ஆறும் மூன்று பக்கத்தில் வந்துவிடும். எக்ஸ்டர்னல் 75 பெரும்பாலும் 2 மதிப்பெண் பத்து, 5 மதிப்பெண் ஐந்து, 10 மதிப்பெண் மூன்று என்று பிரியும். அந்த 20ஐ வரையறைகளை மனப்பாடம் செய்தே எடுத்துவிடலாம். 30 என்ற கோட்டைத் தொட அதுவே மூன்றில் இரண்டு பங்குத் தூரம்.

தமிழில் எழுதுபவர்களுக்குக் கலைச்சொல் ஒரு தொல்லை. ஒரு புத்தகத்தில் அறிவளவையியல், இன்னொன்றில் அறிவுத்தோற்றவியல், மூன்றாவதில் அறிவாராய்ச்சியியல். எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு விடை முழுக்க அதையே எழுத வேண்டும். முதல்முறை வரும் இடத்தில் பக்கத்தில் ஆங்கிலப் பெயரையும் எழுதினால் திருத்துபவருக்குச் சந்தேகம் வராது.

ஆய்வுத் திட்டத்தில் பலர் செய்வது, புத்தகத்திலிருந்து நாற்பது பக்கம் எடுத்துப் பைண்டிங் போட்டுக் கொடுப்பது. வாய்மொழித் தேர்வில் இரண்டே கேள்வியில் அது உடையும். நம் கரையில் இருப்பவளுக்குப் பொருளுக்குப் பஞ்சமே இல்லை. தாயுமானவர் அடங்கிய இடம் ராமநாதபுரத்தில் இருக்கிறது. வேதாந்தத்தையும் சித்தாந்தத்தையும் அவர் எந்த வாதத்தின் மேல் இணைக்கிறார், அந்த இணைப்பு நிற்குமா என்பது ஒரு நல்ல கேள்வி. விவேகானந்தர் மேல்நாட்டிலிருந்து திரும்பி 1897 ஜனவரி 26 அன்று பாம்பனில் இறங்கி, மறுநாள் ராமேஸ்வரம் கோயிலில் உண்மையான வழிபாடு எது என்று பேசினார். சமயத் தத்துவத்துக்கு அந்தப் பேச்சு ஒன்றே போதும்.

அறவியல் பக்கம் போவதென்றால் கடற்பாசி எடுக்கும் பெண்களை எடுத்துக்கொள்ளலாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986ல் தேசியப் பூங்கா ஆயின. தலைமுறையாகத் தீவோரம் பாசி எடுத்தவர்களுக்கு அங்கே தடை. இதை வைத்து நூறு பேரிடம் படிவம் நிரப்பி வாங்கினால் அது சமூகவியல் திட்டம், தத்துவத் துறையில் திருப்பி அனுப்புவார்கள். கேள்வியை இப்படி வைக்க வேண்டும்: உழைப்பைக் கலந்தவனுக்கு உடைமை என்கிறார் ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக். மூச்சுப் பிடித்து மூழ்கிப் பாசி எடுப்பவளுக்கு அந்த இடத்தின் மேல் உரிமை உண்டா? மற்றவர்க்கும் போதுமான அளவு, அதே தரத்தில் மிஞ்ச வேண்டும் என்று லாக்கே ஒரு நிபந்தனை வைக்கிறாரே, பவளப்பாறை சிதைந்தால் அது மீறப்படுகிறதா? இனி பிறக்கப்போகும் பிள்ளைகள் அந்த மற்றவர்க்குள் வருவார்களா? ஐந்து பெண்களிடம் பேசினால் போதும், எண்ணிக்கைக்காக அல்ல, வாதத்தில் எந்தப் படி அவர்கள் வாழ்க்கையோடு ஒட்டவில்லை என்று பார்க்க. முப்பது பக்கத்தில் நிற்கலாம்.

எங்கே படிப்பது? ராமநாதபுரம், ராமேஸ்வரம், கீழக்கரை, பரமக்குடி, முதுகுளத்தூர், கடலாடி, திருவாடானை என்று நம் மாவட்டக் கல்லூரிகளில் தமிழ், ஆங்கிலம், வணிகவியல், கணிதம், கணினி அறிவியல் போன்றவைதான். தத்துவத்துக்கு வெளியூர் போக வேண்டும். பக்கத்தில் என்றால் மதுரைக்கு மேற்கே கருமாத்தூர் அருள் ஆனந்தர் கல்லூரி. சென்னையில் மாநிலக் கல்லூரி, தாம்பரம் கிறித்தவக் கல்லூரி. டாக்டர் ராதாகிருஷ்ணன் தத்துவம் படித்தது கிறித்தவக் கல்லூரியில், பாடம் நடத்தத் தொடங்கியது மாநிலக் கல்லூரியில். மூன்றிலும் பெண்கள் சேரலாம். சேரும் முன் பயிற்று மொழி தமிழா ஆங்கிலமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதல் வகுப்பிலிருந்து தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் உள்ள 20 சதவீத முன்னுரிமை, பட்டப் படிப்பின் வழியையும் பார்க்கும். விடையைத் தமிழில் எழுதினேன் என்பது அதற்குப் போதாது, சேர்க்கையே தமிழ்வழி என்று இருக்க வேண்டும்.

ஊரை விட்டு அனுப்ப வழியில்லை என்றால் இக்னோ, அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். நம் மாவட்டம் மதுரை மண்டல மையத்தின் கீழ் வருகிறது. ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இரண்டு சேர்க்கை, ஜூன், டிசம்பர் என இரண்டு தேர்வு. இப்போதைய நான்காண்டு முறையில் மொத்தம் 160 கிரெடிட், மூன்றாம் ஆண்டு முடிவில் 120 கிரெடிட்டோடு பி.ஏ. பட்டத்துடன் வெளியேறலாம். ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு என்பது அவர்கள் கணக்கு. ஆண்டுக்கு 40 கிரெடிட், 1200 மணி நேரம், நாளுக்கு மூன்றரை மணிக்குக் கொஞ்சம் குறைவு. அஞ்சல் வழிதானே என்று நினைப்பவர்கள் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்க்க வேண்டும். மொழி ஆங்கிலம் அல்லது இந்தி, தமிழில் எழுத முடியாது.

இக்னோவில் தடுமாறும் இடங்கள் மூன்று. வீட்டுப்பாடத்துக்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70. இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும், ஒன்றை வைத்து ஒன்றை ஈடுகட்ட முடியாது. வீட்டுப்பாடக் கேள்விகள் சேர்க்கைப் பருவத்துக்கேற்ப மாறும். யாரோ கொடுத்த பழைய கேள்விக்கு அழகாக எழுதி அனுப்பினால் குப்பைக்குப் போகும். கையால் எழுத வேண்டும், தட்டச்சு ஏற்க மாட்டார்கள். மூன்றாவது, ஆண்டுதோறும் மறுபதிவு. முதல் ஆண்டுத் தேர்வு முடிவு வரட்டும் என்று காத்திருந்தால் தேதி போய்விடும், முடிவுக்கும் மறுபதிவுக்கும் சம்பந்தமே இல்லை. அவர்களுடைய பாடநூல்கள் முழுவதும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வேறு கல்லூரியில் சேர்ந்தாலும் இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டு நிலைமைக்கு என் யோசனை வேறொன்று. ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க 2022 ஏப்ரலிலிருந்து பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசி அனுமதிக்கிறது, ஒன்று நேரடி, மற்றொன்று தொலைநிலை. ராமேஸ்வரம் அரசுக் கல்லூரியிலோ ராமநாதபுரம் சேதுபதி அரசுக் கல்லூரியிலோ தங்கைக்குப் பிடித்த ஒரு பாடத்தில் நேரடியாகச் சேரட்டும், தத்துவத்தை இக்னோவில் படிக்கட்டும். ஆறு முதல் ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும். அது நேரடிப் படிப்புக்கு மட்டும், தொலைநிலைக்கு இல்லை. கல்லூரித் தேர்வு நவம்பர், ஏப்ரலிலும் இக்னோ தேர்வு டிசம்பர், ஜூனிலும் வருவதால் பெரும்பாலும் முட்டாது. மழை, புயல் விடுமுறையில் நவம்பர்த் தேர்வு தள்ளிப்போனால் முட்டலாம், அப்போது இக்னோ தாளை அடுத்த பருவத்துக்கு விட்டுவிட வேண்டும். முதல் ஆண்டு சுமை அதிகம் என்று தோன்றினால் தத்துவத்தை இரண்டாம் ஆண்டில் தொடங்கினாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

பணத்துக்குத் தேதி பார்க்க வேண்டியது இங்கேதான். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. விண்ணப்பம், சேர்க்கை, முதல் கட்டணம், விடுதி முன்பணம் எல்லாம் அந்த இரண்டு மாதத்துக்குள்தான் விழும், படகு கரையில் கிடக்கும் நேரத்தில். மார்ச்சிலேயே எடுத்து வைப்பதுதான் வழி. சாதி, வருமான, முதல் பட்டதாரிச் சான்றுகளையும் அதற்கு முன்பே இ-சேவை மையத்தில் போட்டுவிடுங்கள். மே மாதத்தில் எல்லாரும் போடுவார்கள். அப்பா மீனவர் நல வாரியத்தில் உறுப்பினர் என்றால் பிள்ளைகள் கல்வி உதவிக்கும் மனு கொடுக்கலாம்.

இந்தப் பட்டம் எதற்கு உதவும் என்றும் வீட்டில் கேட்பார்கள். டி.என்.பி.எஸ்.சி.யில் ஏதேனும் ஒரு பட்டம் என்று கேட்கும் தேர்வுகள் எல்லாவற்றுக்கும் போதும். குடிமைப்பணி முதன்மைத் தேர்வில் தத்துவம் விருப்பப் பாடம், 250 வீதம் இரண்டு தாள். எம்.ஏ. முடித்தால் கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் எழுதலாம். பள்ளி ஆசிரியர் வேலை மனதில் இருந்தால் மட்டும் யோசிக்க வேண்டும். தமிழ்நாட்டில் பி.ஏ. தத்துவத்தை மட்டும் வைத்து பி.எட். சேர முடியாது, அதே பாடத்தில் எம்.ஏ. வேண்டும். இரண்டு பட்டம் என்ற யோசனைக்கு இதுவும் ஒரு காரணம். தமிழோ ஆங்கிலமோ கணிதமோ கையில் இருந்தால் அந்தக் கதவு திறந்தே இருக்கும்.

சேர்ந்த முதல் மாதமே, தேறிய கிரெடிட்டையெல்லாம் இணையத்தில் சேர்த்து வைக்கும் கிரெடிட் வங்கி எண்ணை உருவாக்கச் சொல்வார்கள். அது ஆதாரில் உள்ள பெயரை எடுத்துக்கொள்ளும். பத்தாம் வகுப்புச் சான்றில் இனிஷியல் பின்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக முன்னால் என்று இருந்தால் கிரெடிட் சேராமல் தொங்கும். சேர்க்கைக்கு முன்பே ஆதாரைப் பத்தாம் வகுப்புச் சான்றுக்குப் பொருந்தத் திருத்திவிடுங்கள், மறுபக்கம் திருத்துவது பெரும்பாடு.

முடிந்ததும் வாங்க வேண்டியவை: ஆறு செமஸ்டர் மதிப்பெண் பட்டியல், ஒருங்கிணைந்த பட்டியல், தற்காலிகச் சான்று, மாற்றுச் சான்று. பட்டச் சான்று பட்டமளிப்புக்கு விண்ணப்பித்தால்தான் வரும், தானாக வராது. நேரில் போக முடியாவிட்டால் அஞ்சலில் பெறவும் விண்ணப்பிக்கலாம். தற்காலிகச் சான்றே போதும் என்று இருந்துவிட்டு, வேலைக்கான சரிபார்ப்பு நாளில் ஓடுபவர்கள் ஏராளம். கடற்காற்றில் காகிதம் நமுத்துப்போகிறதே என்று லேமினேட் செய்துவிடாதீர்கள். வெளிநாடு போகும்போது சான்றொப்ப முத்திரை பின்பக்கத்தில் குத்த வேண்டியிருக்கும், லேமினேட் செய்ததை ஏற்க மாட்டார்கள். வெளிநாடு போய்வருபவர்கள் அதிகமுள்ள கீழக்கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒட்டாத பிளாஸ்டிக் உறையில் போட்டு, தகரப் பெட்டியில் இல்லாமல் மர அலமாரியில் தரைக்கு மேலே வையுங்கள்.